மூன்று ஏ மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே

1

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன்: லிஃப்ட் விழாது. ஐம்பத்தொரு வயதில், ஜார்ஜ் டவுனின் பழைய கட்டடம் ஒன்றின் வயிற்றுக்குள் தொங்கிக்கொண்டு நான் கற்ற பாடம் இது. போன சனிக்கிழமை நடந்தது. இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. மாவு கரைக்கும்போது சிரிக்கிறேன், அலுவலகக் கூட்டத்தில் சிரிக்கிறேன், சிக்னலில் நிற்கும்போது பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் பயந்து தள்ளிப்போகிற அளவுக்குச் சிரிக்கிறேன். எழுதிவிட்டால் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

நான் ஈரோட்டுக்காரி. பெயர் மேகலா. மின்பொறியாளர். இருபது வருஷத்துக்கு மேலாகிறது, கணவரோடும் கைக்குழந்தையோடும் பினாங்குக்கு வந்து. பாயான் பாருவில் அடுக்குமாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் மலை. வந்த புதிதில் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்போது மழை வருமா, துணியை எடுக்கலாமா என்பதற்கு மட்டும் பார்க்கிறேன்.

சனிக்கிழமை காலை கிளம்பிக்கொண்டிருந்தபோது ஈரோட்டிலிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

"ஏம் புள்ள, சனிக்கெழமையும் அதுவுமா எங்க கெளம்பிட்ட?"

"வகுப்புக்கண்ணா."

"யாருக்கு வகுப்பு?"

"எனக்குத்தான்."

"இன்னுமா படிச்சு முடிக்கல? நாலு வருஷம் கோயமுத்தூர்ல அப்பா பீஸ் கட்டுனாரே, அது என்னாச்சு?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரில் படிப்பு என்பது முடிகிற சமாசாரம். நான் பட்டம் வாங்கிய அன்று அப்பா கறுப்பு அங்கியில் என்னைப் படம் எடுத்து, சட்டம் போட்டு, கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். தெரு முழுக்க இனிப்புக் கொடுத்து, "புள்ள படிச்சு முடிச்சுட்டா" என்றார். அந்த ஆணியோடு படிப்பும் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, பொறியாளருக்குப் படிப்பு முடிவதே இல்லை. வரைபடத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டுமானால் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டுமானால், இந்த வருஷம் இத்தனை மணி நேரம் புதிதாகக் கற்றுக்கொண்டேன் என்று காட்ட வேண்டும். இங்கே மட்டுமில்லை. எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் உலகம் முழுக்க இதே புலம்பல்தான். டொராண்டோவில் இருக்கும் சித்ரா வாசலில் பனியை அள்ளிக்கொண்டே காதில் கான்கிரீட் பற்றிக் கேட்கிறாள். மெல்பர்னில் இருக்கும் பாபு மூட்டு வலிக்கு டாக்டரிடம் காத்திருந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். கல்லூரியில் வகுப்பை வெட்டிவிட்டுச் சினிமாவுக்குப் போன கும்பல் இது.

2

எனக்கு மூன்று மணி நேரம் குறைந்தது. குறைந்த கதை கடுகில் ஆரம்பிக்கிறது.

வீட்டிலிருந்தே கேட்கக்கூடிய இணைய வகுப்புகள் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. மடிக்கணினியை அடுப்படி மேடையில் வைத்துவிட்டுச் சமைத்துக்கொண்டே கேட்பேன். ஆனால் ஆள் உண்மையிலேயே உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்க, திரையில் அவ்வப்போது ஒரு பெட்டி குதிக்கும். 'நீங்கள் இருக்கிறீர்களா?' ஆம் என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் இல்லை என்று அர்த்தம். அந்தப் பெட்டிக்கு எப்படித்தான் தெரியுமோ, நான் கடுகைப் போட்டு அது வெடிக்கிற அந்த நொடியில்தான் குதிக்கும். நான் இருந்தேன், ஐயா. கையில் கரண்டியோடு, கண்ணில் எண்ணெய்ப் புகையோடு, முழுசாக இருந்தேன். இல்லை என்று எழுதிவிட்டது.

மற்ற வருஷமாக இருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். இந்த வருஷம் பத்து காவான் என்கிற ஊரில் எங்கள் நிறுவனம் கட்டும் புதுத் தொழிற்சாலைக்கு மின் இணைப்பு வடிவமைப்பு முழுக்க என்னுடையது. பழைய ரப்பர்த் தோட்டத்து மண்ணில், இரண்டாவது பாலத்தைத் தாண்டிப் போய், வெயிலில் நின்று, ஒவ்வொரு கோட்டையும் நான் போட்டேன். இத்தனை வருஷமாக நான் வரைவேன், வேறு யாராவது கையெழுத்துப் போடுவார்கள். இந்த முறை வரைபடத்தின் வலது மூலையில் என் பெயர், என் முத்திரை. இங்கே முத்திரையைச் 'சாப்' என்பார்கள். சாப் இல்லாமல் இந்த ஊரில் ஒன்றும் நகராது.

எங்கள் மேலாளர் மிஸ்டர் டான் நல்லவர். அதனால் மெதுவாகத்தான் சொன்னார். மாதக் கடைசிக்குள் பதிவைப் புதுப்பித்துவிடு மேகலா, இல்லாவிட்டால் ஈப்போ அலுவலகத்து ஆளைக் கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஈப்போ ஆள் அந்த மண்ணை மிதித்ததுகூட இல்லை.

அந்த மாதத்தில் மிச்சமிருந்த ஒரே கருத்தரங்கு போன சனிக்கிழமை. தலைப்பு: லிஃப்ட் பாதுகாப்பு.

3

என்னைக் காரில் கொண்டுபோய் விட்டவள் என் மகள் யாழினி. கைக்குழந்தையாக வந்தாளே, அவளேதான். நான் சொன்னதால் மெக்கட்ரானிக்ஸ் படித்தாள். ஒரு வருஷம் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். ஒருநாள் காலையில் பசியாறிக்கொண்டே, "நான் ரிசைன் பண்ணிட்டேன்" என்றாள். இப்போது ஜார்ஜ் டவுன் காப்பிக் கடைகளுக்குச் சின்னச் சின்ன வீடியோ எடுத்துக் கொடுக்கிறாள். காப்பி மேல் நுரையில் இலை வரைவதை மெதுவாக ஓடவிட்டுக் காட்டுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் அறையில் மூடிக் கிடக்கும் அந்தப் பொறியியல் புத்தகங்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. அதைச் சொன்னால் சண்டை வரும். சொல்லாவிட்டாலும் வரும்.

"அம்மா, இது சூப்பர்மார்க்கெட்ல ஸ்டிக்கர் சேர்க்கிற மாதிரிதானே?" என்றாள் காரில். "பத்து ஸ்டிக்கர் ஒட்டினா ஒரு சட்டி கொடுப்பான்."

"வாயை மூடிக்கிட்டு ரோட்டப் பாரு."

"டிராஃபிக் ஜேம் லா அம்மா. ரோடு எங்கயும் போகல." இந்த ஊரில் எதைப் பேசினாலும் வால்போல் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

மண்டபம் ஏழாவது மாடியில். கீழே இருந்த காப்பிக் கடையில்தான் அவளுக்கு அன்றைக்கு வேலை. கடை திறக்கப் பத்து மணியாகும். "மேல நாசி லெமாக் கொடுக்கிறாங்களா? அப்ப நானும் வர்றேன்" என்று கூடவே லிஃப்டில் ஏறினாள். பினாங்கில் யாரும் எதற்கும் வருவதற்குத் தேங்காய்ப்பால் சோற்றைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

லிஃப்டுக்குள் ஏற்கெனவே இரண்டு பேர். ஒருவர் மிஸ்டர் ஊய். எழுபதைத் தாண்டிய சீனப் பொறியாளர். எந்தக் கருத்தரங்கானாலும் வருவார். அவருக்கு மணி நேரம் தேவையே இல்லை, ஏகப்பட்டது சேர்ந்து கிடக்கிறது. மேலுலகத்திலும் கேட்பார்கள் என்று நினைக்கிறாரோ என்னவோ. ஏற்பாட்டாளர்கள் போடும் சாப்பாட்டில் நம்பிக்கை இல்லாததால் கையில் எப்போதும் கறிபாப் பெட்டி இருக்கும். கறிபாப் என்பது உருளைக்கிழங்கு மசாலா வைத்த சோமாசி.

இன்னொருவர் ஜமால் அண்ணே. அன்றைய பேச்சாளரே அவர்தான். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். இந்தத் தீவில் பாதி லிஃப்ட் அவர் கை வைத்தது. மனிதருக்கு லிஃப்ட் என்றால் உயிர். மற்றவர்கள் பேரப்பிள்ளை படம் காட்டுவதுபோல் அவர் போனில் கியர் பெட்டிப் படம் காட்டுவார்.

கதவு மூடியது. லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. சும்மா வந்திருக்கலாம். வகுப்பில் முதல் வரிசை மாணவி மாதிரி நான் கேட்டேன்.

"அண்ணே, ஓடிக்கிட்டிருக்கும்போது கதவு கொஞ்சம் திறந்துக்கிட்டா என்னாகும்?"

ஜமால் அண்ணே முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டீங்க பாருங்க, இதுதான் கேள்வி! மேல போய்ச் சொல்றது என்ன, இப்பவே காட்டுறேன் லா."

இரண்டு கதவுக்கும் நடுவே விரலை விட்டு ஒரு இழுப்பு இழுத்தார். டக்கென்று ஒரு சத்தம். லிஃப்ட் நின்றது.

"பார்த்தீங்களா? நின்னுச்சு!" என்று எங்கள் மூன்று பேரையும் பெருமையோடு பார்த்தார். "இப்ப கையை எடுத்தா, தன்னால போகும்."

கையை எடுத்தார். போகவில்லை. ஏழாம் எண்ணை அழுத்தினார். போகவில்லை. எல்லா எண்ணையும் அழுத்தினார்.

"போகணுமே," என்றார் ஜமால் அண்ணே.

4

அவசரப் பொத்தானை அழுத்தினால் ஒலிபெருக்கியில் கீழே இருக்கும் காவலாளி பேசுவார். பேசினார். எந்த மாடி என்று மலாயில் கேட்டார். எனக்கும் மலாய் வரும், சந்தையில் மீன் வாங்குகிற அளவுக்கு. மூன்றைத் தாண்டியாயிற்று, நான்காவது மாடி என்றேன்.

"இந்தக் கட்டடத்தில் நான்காவது மாடி கிடையாது," என்றார் காவலாளி. ஒலிபெருக்கி அணைந்துவிட்டது.

யாழினிக்குத்தான் முதலில் புரிந்தது. "அம்மா! த்ரீ ஏ! நாலுன்னு சொல்லக்கூடாது, த்ரீ ஏன்னு சொல்லணும்!"

சீனர்களுக்கு நான்கு ஆகாத எண். அதனால் இங்கே பல கட்டடங்களில் மூன்றுக்குப் பிறகு மூன்று ஏ, அப்புறம் ஐந்து. இத்தனை வருஷம் பினாங்கில் இருந்தும் நெருக்கடியில் வாயில் நான்குதான் வருகிறது. மறுபடி அழுத்தினோம். ஈரோட்டுக்காரியாக நான் விளக்க, பினாங்குக்காரியாக அவள் திருத்த, கடைசியில் எங்கள் விலாசம் முடிவானது. மூன்று ஏ மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே.

லிஃப்ட் நிறுவனத்து ஆள் அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து வர வேண்டுமாம். பாலத்தில் சனிக்கிழமை நெரிசல். கதவைத் தொடாமல் காத்திருங்கள் என்றார் காவலாளி. கதவைத் தொடாமல் என்றதும் நாங்கள் மூன்று பேரும் ஜமால் அண்ணேயைப் பார்த்தோம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

விளக்கு எரிந்தது, மின்விசிறி ஓடியது. குறை ஒன்றுமில்லை. ஆனாலும் நான் சுவர்க் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காலுக்கடியில் தகடு, தகட்டுக்குக் கீழே வெறும் இருட்டு என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

"அம்மா, உங்களுக்குப் பயமா?"

"எனக்கென்னடி பயம்? நான் இஞ்சினியர்."

யாழினி என் பையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

நான் முதன்முதலில் லிஃப்டில் ஏறியது ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் துணியைவிட எனக்கும் அண்ணனுக்கும் அந்த லிஃப்ட்தான் முக்கியம். உள்ளே ஒரு முக்காலியில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவார். ஒருநாள் அவரிடம் கேட்டேன்: "கயிறு அறுந்துட்டா என்னங்க பண்ணுவீங்க?" அவர் கொட்டாவி விட்டபடி, "அறுந்தா அப்பப் பாத்துக்கலாம் பாப்பா" என்றார். எனக்கு அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ படித்தேன். மோட்டாரைப் பற்றி எந்த மூலையில் கேட்டாலும் சொல்லுவேன். அந்தக் கேள்வியை மட்டும் யாரிடமும் திருப்பிக் கேட்டதில்லை. வெட்கம்தான். பொறியாளர் கேட்கிற கேள்வியா அது?

மூன்று ஏ மாடிக்கு மேலே கேட்டுவிட்டேன்.

"அண்ணே, கயிறு அறுந்தா?"

5

ஜமால் அண்ணே சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, லிஃப்டின் மூலைக்கு நகர்ந்து, எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். அந்த மூலைதான் மேடை. மண்டபத்தில் பேச வைத்திருந்த பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

ஒரு கயிறு இல்லை, பல கயிறு. ஒவ்வொன்றும் தனியாகவே இந்தப் பெட்டியைத் தாங்கும். சரி, எல்லாமே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி வேகமாக இறங்க ஆரம்பித்தால், அந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற ஒரு சக்கரம் மேலே இருக்கிறது. அது சுண்டி இழுக்கும். உடனே நமக்குக் கீழே இருக்கிற இரண்டு இரும்புத் தாடை பக்கத்துத் தண்டவாளத்தைக் கடித்துக்கொள்ளும்.

"கடிச்சா விடாது," என்றார். "மின்சாரம் போனாலும் அப்படித்தான். பிரேக்கைத் திறந்து வைக்கத்தான் கரண்டு வேணும். கரண்டு இல்லேன்னா பிரேக் பிடிச்சுக்கும். என்ன கெட்டாலும் நிக்கும், விழாது. நான் கதவை இழுத்தேன், உடனே நின்னுச்சா இல்லையா? அது கெட்டுப்போகல மேகலா. அது வேலை செஞ்சிருக்கு!"

"ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்கு லா அங்கிள்," என்றாள் யாழினி.

மிஸ்டர் ஊய்க்குத் தமிழ் தெரியாது. ஜமால் அண்ணே மலாயில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, கையால் ஒருமுறை எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். மிஸ்டர் ஊய் தலையாட்டிவிட்டு, முதலில் சாப்பிடுவோம் என்று பெட்டியைத் திறந்தார். கறிபாப் வாசம் லிஃப்டை நிரப்பியது. அவ்வளவு ருசியான கறிபாப்பை நான் சாப்பிட்டதே இல்லை.

பாதி மென்றுகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. வருகைப் பதிவு! மண்டப வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் சதுரத்தைப் போனில் பிடிக்க வேண்டும். ஒன்பதரைக்கு அது தன்னால் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு வந்தால் அன்றைக்கு நான் வரவே இல்லை என்றுதான் கணக்கு. வராவிட்டால் மூன்று மணி நேரம் இல்லை. பத்து காவான் வரைபடத்தில் ஈப்போ ஆள்.

மண்டபத்துக்குள் எங்கள் அலுவலகத்து ஃபைசல் இருந்தான். அவனுக்குச் செய்தி அனுப்பினேன், சதுரத்தைப் படம் எடுத்து அனுப்பு என்று. அனுப்பிவிட்டேன் என்றான். நான்கு பேர் தலையும் என் போன் மேல் கவிழ்ந்தது. படம் மேலிருந்து கீழே மெல்ல மெல்ல இறங்கியது. கால்வாசி. பாதி. பாதியில் நின்றது.

"போனை மேல தூக்குங்க," என்றார் ஜமால் அண்ணே.

தூக்கினேன். மிஸ்டர் ஊய் என்னைவிட உயரம் என்பதால் வாங்கி அவர் தூக்கினார். யாழினி அவர் கைக்குக் கீழே குனிந்து அண்ணாந்து பார்த்தாள். படம் அசையவில்லை. மணி ஒன்பதரை ஆனது.

யாழினிதான் ஆரம்பித்தாள். முதலில் மூக்கால் ஒரு சத்தம், அப்புறம் தோள் குலுங்கியது. "அம்மா... லிஃப்ட் பாதுகாப்பு செமினாருக்கு வந்து... ஸ்பீக்கரே லிஃப்டை நிறுத்தி..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து, சரிந்து, தரையில் உட்கார்ந்து சிரித்தோம். ஒருவரை ஒருவர் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. வயிறு வலித்தது. அவளும் நானும் இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தேன், அப்போதுகூடச் சிரிப்பு நிற்கவில்லை.

6

பட்டர்வொர்த் ஆள் வந்து, மேலே இயந்திர அறையிலிருந்து எங்களை ஐந்தாம் மாடிக்கு ஏற்றி, கதவைத் திறந்துவிட்டபோது பதினொரு மணி தாண்டிவிட்டது. மிச்ச இரண்டு மாடியைப் படியேறினோம்.

மண்டப வாசலில் காக் ரொஹானா. இந்தக் கருத்தரங்குகளுக்கெல்லாம் பதிவு மேசைப் பொறுப்பு அவர்தான். காக் என்றால் மலாயில் அக்கா. அக்காவுக்கு மனசு தங்கம், விதிமுறை இரும்பு. எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார், தண்ணீர் கொடுத்தார், விசிறினார். எல்லாம் முடிந்ததும் கணினியைப் பார்த்துவிட்டு, பட்டியலில் இருக்கும் நீங்கள் மூன்று பேரும் வரவில்லை என்றார்.

"பேச்சாளரே நான்தானே!" என்றார் ஜமால் அண்ணே. குரல் கரகரத்தது. மூன்று பேருக்கு மூன்று மொழியில் பேசியும், காவலாளியிடம் கத்தியும் தொண்டை போயிருந்தது.

"பேச்சாளரும் வரவில்லை என்றுதான் காட்டுகிறது," என்றார் காக் ரொஹானா வருத்தத்தோடு.

பிறகு ஒரு விசித்திரம் விளங்கியது. ஒன்பதரைக்கு முன் சதுரத்தைப் பிடித்துவிட்டு, நாசி லெமாக் சாப்பிட்டு, பேச்சாளரே வராததால் ஒரு வார்த்தையும் கேட்காமல் போனைத் தடவிக்கொண்டிருந்த ஐம்பது பேருக்குக் காலை வகுப்புக் கணக்கில் ஏறிவிட்டது. முழு வகுப்பையும், செய்முறை விளக்கத்தோடு, உள்ளே இருந்தே கேட்ட எங்களுக்கு ஒன்றுமில்லை. நான் வாதாடிப் பார்த்தேன். வகுப்பு நடந்தது அக்கா, லிஃப்டில் நடந்தது. காக் ரொஹானா யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். கடைசியில் மெல்லச் சொன்னார்: "லிஃப்ட் மண்டபம் ஆகாது, மேகலா."

ஜமால் அண்ணே குறுக்கே வந்தார். "இன்னும் ஒரு பகுதி பாக்கி இருக்குல்ல? எனக்குத் தொண்டை இல்ல. மேகலா பேசட்டும். மாட்டிக்கிட்டவங்க சொன்னா இன்னும் நல்லா இருக்கும்."

காக் ரொஹானா விதிமுறையைப் புரட்டினார். பேச்சாளர் ஒப்புக்கொண்டால் மாற்றுப் பேச்சாளர் பேசலாம். கேட்பவருக்குக் கிடைப்பதைவிடப் பேசுபவருக்குக் கணக்கு அதிகம். அந்த ஒரு பேச்சு என் மூன்று மணி நேரப் பள்ளத்தை நிரப்பிவிடும். ஒரே நிபந்தனை, பத்துப் பேராவது கேட்டதாகப் பதிய வேண்டும். பேச்சாளர்களும் ஏற்பாட்டாளரும் கணக்கில் சேர மாட்டார்கள். ஒரு மணிக்குள் முடித்தாக வேண்டும், மாலையில் அங்கே கல்யாண விருந்து.

பத்துப் பேர்தானே, ஐம்பது பேர் இருக்கிறார்களே என்று உள்ளே பார்த்தேன். காத்திருந்து அலுத்து, நாசி கண்டார் சாப்பிடப் போய்விட்டார்கள். அங்கங்கே சில தலைகள். பின்சுவரில் சாய்ந்து, போனை நீட்டி வீடியோ எடுத்தபடி என் மகள்.

நான் மேடையேறிப் பேசியதே இல்லை. ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன், அது ஈரோட்டுக்குப் போனது. மலாய்க்குத் தாவினேன், அது மீன் சந்தைக்குப் போனது. ஒரு கட்டத்தில் விட்டுத்தொலை என்று எல்லாவற்றையும் கலந்து அடித்தேன். கம்பியைப் பிடித்துத் தொங்கியதைச் சொன்னேன். ஜவுளிக் கடைக் காக்கிச் சட்டைக்காரரைச் சொன்னேன். இரும்புத் தாடை கடிப்பதை என் இரண்டு கையால் காட்டினேன். சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டம் வாங்கிய அன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இல்லை. "லிஃப்ட் விழாது!" என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். "நான் உள்ளே இருந்தவள் சொல்கிறேன், ஏறுங்கள், பயமில்லாமல் ஏறுங்கள்!"

சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்து நிமிர்ந்து பின்சுவரைப் பார்த்தேன். யாழினி இல்லை.

7

அவளுக்கு வேலை இருக்கிறது, நியாயம்தான். காப்பிக் கடைக்காரர் கூப்பிட்டிருப்பார். இருந்தாலும் அம்மா முதன்முதலாகப் பேசுகிறாள், முடிகிற வரைக்கும் நின்றிருக்கலாம். எப்படியோ முடித்துவிட்டு இறங்கினேன்.

காக் ரொஹானா புதுச் சதுரத்தைத் தூக்கிப் பிடித்தார். ஃபைசல் பிடித்தான். மிஸ்டர் ஊய் பிடித்தார். இருந்தவர்கள் எல்லோரும் பிடித்தார்கள். அதற்குள் கல்யாணக்காரர்கள் வந்து நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

"ஒன்பது," என்றார் காக் ரொஹானா. "சத்து லாகி." இன்னும் ஒன்று.

காவலாளியைக் கூப்பிடலாமா என்றார் ஜமால் அண்ணே. பேச்சைக் கேட்டவராக இருக்க வேண்டும் என்றார் காக் ரொஹானா. பொறியாளராக இருக்க வேண்டுமா என்று கேட்டேன். மறுபடி புரட்டினார். அப்படி எழுதவில்லை, ஆளாக இருந்தால் போதும். மணி ஒன்றாக நான்கு நிமிஷம். போனை எடுத்தேன்.

"எங்கடி இருக்க?"

"கீழ கஃபேல. என்னம்மா?"

"ஒரு ஆள் குறையுது. உடனே மேல வா."

"ஏழு மாடியாம்மா?" என்றாள். இணைப்பு அறுந்துவிட்டது.

எல்லோரும் படிக்கட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். லிஃப்டைச் சரிசெய்து, ஏற்றி இறக்கிப் பார்த்து, பட்டர்வொர்த் ஆள் எப்போதோ போய்விட்டார். ஆனால் அதற்குப் பிறகு ஒருவர்கூட அதில் ஏறவில்லை. சாப்பிடப் போன பொறியாளர்கள் அத்தனை பேரும் படியில்தான் இறங்கினார்கள். கல்யாணக்காரர்கள்கூடப் பூக்கூடைகளைத் தலையில் வைத்துப் படியில்தான் தூக்கி வந்தார்கள். ஏழு மாடியை நான்கு நிமிஷத்தில் ஏற முடியுமா? ஏறிவருகிற காலடிச் சத்தம் இல்லை.

எதிர்ப் பக்கத்தில் டிங் என்றது.

அத்தனை தலையும் திரும்பியது. லிஃப்ட் கதவு திறந்தது. உதட்டில் காப்பி நுரையோடு, கையில் தயாராகப் பிடித்த போனோடு யாழினி ஓடிவந்தாள். சதுரத்தின் முன் நீட்டினாள். பிக் என்றது.

"செப்புலு!" என்று கத்தினார் காக் ரொஹானா. பத்து. மிஸ்டர் ஊய் கைதட்டினார். விதிமுறை இரும்பாக இருந்த அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

"உனக்கென்னடி பைத்தியமா?" என்றேன் மூச்சு வாங்கியபடி. ஓடிவந்தவள் அவள், மூச்சு வாங்கியது எனக்கு. "காலைலதான் அதுல மாட்டினோம். தனியாவா ஏறுவ?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நீங்கதானேம்மா மேசையத் தட்டி விழாதுன்னு சொன்னீங்க?"

முந்தானையால் அவள் உதட்டு நுரையைத் துடைத்துவிட்டேன். "அம்மா, ஆளுங்க பார்க்குறாங்க லா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

கிளம்பும்போது ஜமால் அண்ணே, சாப்பிட்டது செரிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நழுவினார். மிஸ்டர் ஊய் காலிப் பெட்டியோடு அவர் பின்னால் போனார். நானும் என் மகளும் லிஃப்டில் ஏறினோம். கதவு மூடியது. மூன்று ஏ வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கதவுப் பக்கம் மட்டும் போகவே இல்லை.